பொடிசுகளின் வயல்

மூடுபனிக்குள் நின்றுகொண்டு யாரையும் திட்ட முடியாது. திட்டுவதற்கு எதிரில் ஆள் தெரிய வேண்டுமே. கொல்லிமலைக்கு நான் கோபத்தோடு கிளம்பிய நாட்களிலெல்லாம் பாதி வழியிலேயே பனி வந்து பஸ்ஸை மூடிவிடும். இறங்கும்போது எதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன் என்பதே மறந்திருக்கும். பேளுக்குறிச்சியில் மிளகும் கடுகும் வியாபாரம் செய்யும் என் அத்தா அப்துல் அலீம், "உன்னைய மலையிலயே கட்டிக் குடுத்திருக்கோணும் நசீபா, கீழ இருக்கறவங்க நிம்மதியா இருந்திருப்போம்" என்பார். அவருக்கென்ன, சந்தையில் சிரித்துப் பேசியே சரக்கு வாங்கப் பழகியவர்.

அப்போது நான் ஒரு மண் ஆராய்ச்சித் திட்டத்தில் களப்பணியாளராக இருந்தேன். மலையில் சாமையும் ராகியும் விளைகிற வயல்களில் மண் எடுத்து, பையில் கட்டி, கீழே ஆய்வகத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது வேலை. அப்படி எடுத்ததில் ஒன்று, பைல் நாடு என்ற மலைப்பகுதியில் செங்கோடன் என்பவருடைய வயல் மண். தொண்ணூற்றெட்டாம் வருடக் கடைசி அது.

அந்த வயலைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. மேலே காடு, கீழே ஓடை, ஓரத்தில் ஒரு பலாமரம். காலையில் பனி வயலுக்குள் இறங்கி ஆட்டு மந்தை மாதிரி மெதுவாக மேய்ந்துகொண்டிருக்கும். வெயில் வந்ததும் ஒவ்வொன்றாக மேட்டில் ஏறிக் காட்டுக்குள் போய்விடும். அங்கே உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. நான் மண் எடுக்கப் போய்விட்டு, பையைத் திறக்காமலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்த மண்ணில் ஈயம் இருந்தது. கொஞ்ச நஞ்சமல்ல. எங்கள் திட்டத்தின் தலைவர் மாதேஸ்வரன் சார் முடிவைப் பார்த்துவிட்டு, "மலையில எடுத்தியா, நாமக்கல்ல லாரிப் பட்டறை வாசல்ல அள்ளிக்கிட்டு வந்தியா?" என்று கேட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மறுபடி போய் வயலின் நான்கு மூலையிலும் எடுத்து வந்து மேஜையில் வைத்தேன். மறுபடியும் ஈயம்தான். சாமையில் பார்த்தோம், அதிலும் இருந்தது.

செங்கோடனிடம் கேட்டபோது அவர் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். சில வருடங்களுக்கு முன்னால் வெளியூர்க்காரன் ஒருவன் பழைய லாரி பேட்டரிகளை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து, ஓடையோரம் உலை போட்டு ஈயம் காய்ச்சியிருக்கிறான். மலையில் விறகுக்குப் பஞ்சமில்லை, புகையைக் கேட்க ஆளும் இல்லை. வேலை முடிந்ததும் போய்விட்டான். உலைச் சாம்பல் மட்டும் குவியலாகக் கிடந்தது.

"சாம்பல்னா வெள்ளாமைக்கு நல்லதுங்களே அம்மிணி" என்றார் செங்கோடன். "காட்டை எரிச்சு அந்தச் சாம்பல்ல வெதைச்சுத்தானுங்க எங்க சனம் காலங்காலமாச் சாமை தின்னுச்சு. வீணாப் போவுதேன்னு நாங்க ரெண்டு பேரும் கூடை கூடையா அள்ளி வயலு பூராம் தூவினோமுங்க. அந்தாளுகூடச் சிரிச்சுக்கிட்டே எடுத்துக்கங்கன்னானுங்க."

சிரித்திருக்கிறான்! அவன் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று சொல்கிற மனசு எனக்கு இல்லை.

அவர் சொன்ன இரண்டு பேரில் இன்னொருத்தி அவர் மனைவி அம்சவேணி. கல்யாணமான புதிதில் அந்தக் கூடைகளைச் சுமந்தவள். என்னைவிட நான்கைந்து வயது சின்னவள். மெலிந்த கை, பெரிய கண். எதையாவது கேட்டால் உடனே பதில் வராது. சொல்லை வாய்க்குள் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வாள். அவளுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து இரண்டும் இல்லை. ஒன்று மாதம் நிறையாமல் போனது. இன்னொன்று பிறந்தது, அழவில்லை. இரண்டையும் வயலோரத்துப் பலாமரத்தடியில்தான் புதைத்திருந்தார்கள்.

அவளைச் சேலம் பெரியாஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போனேன். ரத்தத்திலும் ஈயம் இருந்தது. குழந்தைகள் தங்காததற்கு இதுவா காரணம் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "இதாவும் இருக்கலாம்" என்றார். அந்த வயலில் விளைந்ததை இனிமேல் வாயில் வைக்கவே கூடாது என்பதை மட்டும் தீர்மானமாகச் சொன்னார்.

வயலில் விளைந்ததைத் தின்னக் கூடாதென்றால் வயல் எதற்கு? செங்கோடன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். அவருடைய மச்சான் சின்னராசு கீழே ஒரு ஜவ்வரிசி ஆலையில் வேலை பார்த்தான். குடும்பத்தோடு அங்கே போய்விடலாம், தங்க இடமும் தருவார்கள் என்று சொல்லியிருந்தான். அம்சவேணி மாட்டேன் என்றாள். சண்டையெல்லாம் போடவில்லை. பலாமரத்தைப் பார்த்தபடி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நாம போயிட்டா அதுங்களை யாருங்க பாத்துக்கறது?"

 நான் கீழே வந்து மாதேஸ்வரன் சாரிடம் சண்டைக்குப் போனேன். மண்ணில் விஷம் இருக்கிறது என்று சொல்லத்தான் நமக்குச் சம்பளமா, அதை என்ன செய்வது என்று சொல்ல வேண்டாமா என்று கேட்டேன். அவர் பாவம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். "உலை இருந்த எடத்துல புல்லு ஏதாவது மொளைச்சிருக்கா?" என்று மட்டும் கேட்டார். முளைத்திருந்தது. வேரோடு பிடுங்கி வரச் சொன்னார்.

அந்த வேரில் ஒட்டியிருந்த மண்ணிலிருந்து அவர் சில நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்தார். கண்ணாடிக் குப்பியில் வளர்த்தார். மாதக்கணக்கில் நடந்த வேலை அது. ஒருநாள் என்னை நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். வெளிச்ச வட்டத்துக்குள் குட்டிக் குட்டியாக, அரிசி நொய் மாதிரி, ஏதேதோ அசைந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு என்னைத் தெரியாது, உலையைத் தெரியாது, அம்சவேணியைத் தெரியாது. ஆனாலும் ஏதோ அவசர வேலை இருப்பதுபோல ஓடிக்கொண்டிருந்தன. கண்ணை எடுத்த பிறகும் அவை என் கண்ணுக்குள் ஓடின. அன்று வீட்டுக்குப் போய்ச் சோறு பிசையும்போதுகூட ஓடின.

அவற்றை நன்கு வளர்த்து, பழுப்பு நிலக்கரித் தூளில் கலந்து, பாக்கெட் போட்டுக் கொடுத்தார் சார். கஞ்சியில் குழைத்து விதையில் பூச வேண்டும். மீதியைத் தொழுவுரத்தில் கலந்து வயலில் தூவ வேண்டும். தொண்ணூற்றொன்பது ஆனி மாதம் பாக்கெட்டுகளைத் தூக்கிக்கொண்டு மலையேறினேன். மழை எப்போது விழும் என்று தெரியாததால் முன்கூட்டியே அம்சவேணியிடம் கொடுத்து வைத்தேன்.

"கரித்தூளுங்களா?" என்றாள்.

"கரித்தூள் அவங்களுக்கு ஊடு மாதிரி. உள்ள உசுரு இருக்குது அம்சா. கண்ணுக்குத் தெரியாத உசுரு, கோடிக்கணக்குல."

அவள் உடனே பாக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இதுங்க ஈயத்தைத் தின்னுருமுங்களா?"

"தின்னாது. எடுத்துக்கிட்டும் போகாது. மண்ணுக்குள்ளயே இறுக்கிப் புடிச்சு வச்சுக்கும். வேரு வந்து உறிஞ்சறப்போ குடுக்காது."

"குடுக்காதுங்களா?" அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "புடிவாதக்காரப் பொடிசுங்க."

அன்றிலிருந்து அவற்றுக்குப் பொடிசுங்க என்பதே பெயராகிவிட்டது. ஆய்வகத்தில் நானும் அப்படியே சொல்லத் தொடங்கி, மாதேஸ்வரன் சார்கூட ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டார். வெயில் படாத இடத்தில் வைக்கச் சொல்லிவிட்டு நான் பஸ்ஸுக்கு ஓடினேன்.

ஆடியில் விதைத்தார்கள். நானும் போய் விதையில் கஞ்சி பூசினேன். பயிர் எழுந்தது. ஒவ்வொரு தடவையும் போகும்போது அம்சவேணி ஏதாவது ஒரு கனவு சொல்வாள். ஒருநாள் சொன்னது இன்னும் எனக்கு அப்படியே இருக்கிறது. வயல் முழுக்கக் குழந்தைகள் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கின்றனவாம். எல்லாக் கையும் மூடியிருக்கிறதாம். "என்னத்தடா வச்சிருக்கீங்க, காட்டுங்கடான்னு கேட்டேனுங்க. தரமாட்டோமுன்னு மடிக்குள்ள ஒளிச்சுக்கிட்டாங்க." சொல்லிவிட்டு வயலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பனி கதிர்களுக்கு நடுவே நுழைந்து வந்து எங்கள் முழங்காலைத் தொட்டது. நான் ஆராய்ச்சித் திட்டத்துக்காரி, இதையெல்லாம் நம்பக் கூடாது. ஆனாலும் காலை மெதுவாகத்தான் எடுத்து வைத்தேன்.

அறுவடையான சாமையைச் சோதித்தோம். ஈயம் முன்பு இருந்த அளவுக்கே இருந்தது. ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.

மாதேஸ்வரன் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "குப்பியில புடிச்சது வயல்ல புடிக்கல. சில சமயம் அப்படித்தான்" என்றார். செங்கோடன் வயலைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடலாம் என்றும் சொன்னார். அதை அவர்களிடம் போய்ச் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. தை பிறந்திருந்தது. பஸ்ஸில் ஏறியது முதல் எல்லார்மீதும் கோபமாக இருந்தேன். சார்மேல், ஈயம் காய்ச்சியவன்மேல், ஒன்றுக்கும் உதவாத அந்தப் பொடிசுகள்மேல். வழக்கம்போல் பனி வந்து என் கோபத்தை வாங்கிக்கொண்டது. மிஞ்சியது வருத்தம்தான். அதை வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை.

"ஏனுங்க அம்மிணி, பனியில நிக்கறீங்க? ஊட்டுக்குள்ள வாங்க" என்றாள் அம்சவேணி.

அதுவரை அந்த வீட்டுக்குள் நான் போனதில்லை. எப்போதும் வயலோடு பேச்சை முடித்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன். குனிந்து உள்ளே போனேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே சோளக் கதிர்கள், விதை போட்டு வைத்த சுரைக்குடுவைகள் எல்லாம் புகையில் கறுத்துத் தொங்கின. மலையில் விதை என்றால் அடுப்புக்கு மேல்தான் தொங்கும். புகை பட்டால் பூச்சி அண்டாது. அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு தூளி தொங்கியது. சிவப்புப் பழைய சேலை. அடிப்பக்கம் கனமாக இறங்கியிருந்தது. காற்றில் மெல்ல ஆடியது.

எனக்கு நெஞ்சு துள்ளியது. குழந்தையா? எப்போது? என்னிடம் சொல்லவே இல்லையே! சத்தம் போடாமல் கிட்டே போய், சேலையை விலக்கிப் பார்த்தேன்.

உள்ளே பாக்கெட்டுகள் இருந்தன. பொடிசுகள். ஒரு துண்டு சுற்றிப் படுக்க வைத்திருந்தாள்.

"வெதைச்சது போக மிச்சமுங்க" என்றாள் பின்னாலிருந்து. "உசுரை எப்படிங்க வெளிய வீசறது?"

"அம்சா, வெதைக்கறதுக்கு முன்னாடி எங்க வச்சிருந்த?"

"இதே தூளியிலதானுங்க. நீங்க குடுத்த அன்னிக்கே கட்டிட்டேன். வெதையெல்லாம் அடுப்புக்கு மேலதானுங்களே வைக்கறது. ஆனா இதுங்க உசுரோட இருக்குதுங்களே, வெறுங்கயித்துல கட்டித் தொங்க விடலாமுங்களா? ஆனி ஆடிக் காத்து எப்படி அடிக்கும்னு உங்களுக்குத் தெரியாதுங்க. வெறைச்சுப் போயிருமேன்னு அடுப்புத் தணலை அணைய உடவே இல்லீங்க."

பாக்கெட்டைத் தொட்டேன். இட்லிச் சட்டி மூடி போலச் சுட்டது. அந்தச் சூட்டில் எந்த நுண்ணுயிரும் ஒரு வாரம் தாங்காது. அவள் ஆனியிலிருந்து காய்ச்சியிருக்கிறாள். வெயிலில் வைக்காதே என்று சொன்னேன், அவளும் வைக்கவில்லை. அடுப்புப் பக்கத்தில் தூளி கட்டாதே என்று சொல்ல உலகத்தில் யாருக்காவது தோன்றுமா? எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, இரண்டுக்கும் முன்னால் கோபம் வந்தது. கோபம் யார்மேல் என்றுதான் தெரியவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லாமல், ஆபீஸில் கேட்கிறார்கள் என்று மட்டும் சொல்லிப் பாக்கெட்டுகளைக் கையில் எடுத்தேன்.

"துண்டோட எடுத்துக்கிட்டுப் போங்க. பஸ்ஸுல காத்தடிக்கும்" என்றாள்.

மாதேஸ்வரன் சார் அவற்றைச் சோதித்துப் பார்த்தார். எந்த வளர்ப்புத் தட்டிலும் ஒரு புள்ளிகூட வளரவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார், பிறகு தட்டுகளை ஓரமாக நகர்த்தி வைத்தார். "நம்ம சோதனை தோத்துப் போகல நசீபா. சோதனையே நடக்கல" என்றார். இன்னொரு வருடம் பார்க்கலாம் என்று சம்மதித்தார். "ஆனா அந்தப் பொண்ணுக்குப் புரியற மாதிரி நீ சொல்லிரு" என்று சொல்லிவிட்டு நுண்ணோக்கிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். கஷ்டமான வேலை வந்தால் அவருக்கு உடனே நுண்ணோக்கியில் ஏதாவது தெரிய ஆரம்பித்துவிடும்.

எப்படிச் சொல்வது? இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்தவளிடம், நீ கதகதப்பாக வைத்துப் பார்த்துக்கொண்டாயே, அதனால்தான் அவை செத்தன என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் விட்டால் அடுத்த வருடமும் தூளி கட்டுவாள். பஸ்ஸில் போகும்போது பத்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எல்லாமே கேட்கச் சகிக்கவில்லை.

வயல் வரப்பில் வைத்துச் சொன்னேன். செங்கோடனும் இருந்தார். அம்சவேணி கேட்டுவிட்டு அப்படியே நின்றாள்.

"எல்லாமே செத்துப் போச்சுங்களா?"

"ஆமா அம்சா."

"ஒண்ணுகூட மிச்சமில்லீங்களா?"

நான் தலையசைத்தேன். அவள் வெறும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மிகவும் மெதுவாக, யாரையும் குறை சொல்லாத குரலில் கேட்டாள்.

"நான் தூளி கட்டினா ஒண்ணுமே தங்காதுங்களா அம்மிணி?"

நான் அழுதால் அவளும் அழுவாள், எல்லாம் முடிந்துவிடும் என்று பயந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வழி, கோபப்படுவதுதான். அன்று பனியும் இல்லை, நல்ல வெளிச்சம்.

"பைத்தியமாட்டம் பேசாத! அதுங்க எங்கிருந்து வந்துச்சுன்னு நெனைச்ச? சீமையிலிருந்தா? இந்தா, உன்ற வயல்ல, அந்த உலை இருந்த எடத்துல, புல்லு வேர்லதான் இருந்துச்சு. அந்த நெருப்புக்கு அப்புறம் வந்து, அத்தனை ஈயத்துக்குள்ளயும் பொழைச்சுக் கெடந்துச்சு. அதுங்க இந்த மலையில பொறந்ததுடி. குளுரும் ஈரமுந்தான் அதுங்களுக்குத் தாய்மடி. அதுங்களைத் தெரியாம நீ கதகதன்னு வச்ச, அவ்வளவுதான். அதுக்கும் உன்ற ராசிக்கும் என்ன சம்பந்தம்? இனி ஒரு தடவை அப்படிச் சொன்னா நான் மலையேறவே மாட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு உலை இருந்த இடத்துக்கு நடந்துபோய்க் குந்தி உட்கார்ந்து, ஒரு புல்லைக் கோதினாள். "இங்கயேதான் இருந்தீங்களாடா?" என்றாள். கீழே ஓடை தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

செங்கோடன் என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "சாம்பலை அள்ளிப் போட்டவன் நானுங்க. அவளைப் பாக்கறப்பெல்லாம் எனக்கு அந்தக் கூடைதானுங்க கண்ணுல நிக்குது. இந்த ஒரு வெள்ளாமை பாக்கலாம். இதுவும் இப்படின்னா சித்திரையில கீழ போயிரலாமுங்க. அதுக்கு மேல அவளைய இங்க வச்சிருக்க எனக்குத் தெகிரியமில்லீங்க."  அவர் சொன்னதில் தப்பில்லை.

இரண்டாயிரமாவது வருட ஆனியில் புதுப் பாக்கெட்டுகள் வந்தன. அம்சவேணி அவற்றை ஒரு பானையில் போட்டு, வாயை மூடி, ஓடையோரத்து ஈரமணலில் நிழல் பார்த்துப் புதைத்தாள். தினமும் ஒருதரம் போய் மணல்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாளாம். "நல்லாத் தூங்குதுங்க" என்று என்னிடம் சொன்னாள். எனக்கு அவளைத் திருத்தத் தோன்றவில்லை. ஒரு விதத்தில் அது சரியும்கூட.

விதைத்த நாள் முழுக்கத் தூறல். ஆறிய கஞ்சியில் கருப்புத் தூளைக் குழைத்து, சாமை விதையில் பூசி, முறத்தில் பரப்பி நிழலில் உலர்த்தினோம். மூன்று பேர் கையும் கறுத்திருந்தது. செங்கோடன் வீசி விதைத்துக்கொண்டே பனிக்குள் போனார். சற்று நேரத்தில் ஆள் மறைந்து கை மட்டும் தெரிந்தது. பிறகு கையும் மறைந்து விதை விழும் சத்தம் மட்டும் கேட்டது. அம்சவேணியும் நானும் வரப்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். மண்ணுக்குள் யார் யாரோ கண் விழித்து, இடம் பார்த்து, சம்மணம் போட்டு உட்காருகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அதைச் சாரிடம் நான் சொல்லவில்லை.

அந்தப் பருவம் முழுக்க எனக்கும் கனவு வந்தது. என் கனவில் வயல் இருக்கும், ஆள் இருக்காது. சாமைக் கதிர்கள் காற்றில்லாமலே அசையும். யாரோ மண்ணுக்கு அடியில் மூச்சு விடுவதுபோல் இருக்கும். விழித்ததும் மனசு லேசாக இருக்கும். அன்றைக்கெல்லாம் வீட்டில் யாரையும் திட்ட மாட்டேன். அத்தா சந்தேகமாகப் பார்ப்பார்.

முடிவு வர மாசி ஆகிவிட்டது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுவாரம். குழந்தையை எப்போதும் பார்த்துக்கொள்ளும் என் அம்மா ஹாஜிரா பீவி துறையூருக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்ததால், என் மகள் நௌஷீனையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு மலையேறினேன். அவளுக்கு அப்போது மூன்று வயது. வழியெல்லாம் பசி பசி என்று ஒரே நச்சரிப்பு.

செங்கோடன் வீட்டு வாசலில் கட்டி வைத்த இரண்டு மூட்டைகள் இருந்தன. பாத்திரம், பாய், துணிமணி. சித்திரைக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனாலும் அவர் கட்டிவிட்டார்.

"சொல்லுங்க அம்மிணி" என்றார். அம்சவேணி கதவு ஓரத்தில் நின்றாள்.

"கொறைஞ்சிருக்குது" என்றேன்.  "நல்லாக் கொறைஞ்சிருக்குது. தின்னலாம்னு சொல்ற அளவுக்குக் கீழ வந்திருச்சு. சாரு மறுபடி மறுபடி பாத்துட்டாரு. வருசா வருசம் பொடிசுங்களைப் போட்டுக்கிட்டே இருக்கோணும். மரவள்ளி வைக்கக் கூடாது. கெழங்கு எப்படின்னு இன்னும் தெரியாது. சாமை தின்னலாம்."

செங்கோடன் மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அம்சவேணி உள்ளே போனாள். உரலில் குத்தும் சத்தம் கேட்டது, பிறகு அடுப்பு ஊதும் சத்தம். வெகுநேரம் கழித்துச் சாமைச் சோறும் அவரைக் குழம்பும் ஒரு வட்டிலில் போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஆவி பறந்தது. நௌஷீன் என் மடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அம்மிணி" என்றாள் அம்சவேணி. "மெஷின் சொல்றது இருக்கட்டுமுங்க. இதைப் பாப்பாவுக்கு ஊட்டலாமுங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

வேறு எதை வேண்டுமானாலும் அவள் கேட்டிருக்கலாம். முடிவு எனக்கு மனப்பாடம். சாரைத் தெரியும், மெஷினைத் தெரியும். மூளையில் ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் கை எழவில்லை. என் மகளுடைய வாய், பால் பல், பசி, எல்லாம் அத்தனை கிட்டே இருந்தது. மலையில் அத்தனை பனியிலும் எனக்கு வராத குளிர் அப்போது வந்தது. பயந்தேன். வேறு எப்படியும் அதைச் சொல்ல முடியாது, பயந்தேன். அம்சவேணி என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கை பின்வாங்கினால் அந்த மூட்டைகள் இன்றைக்கே பஸ் ஏறிவிடும் என்று எனக்குத் தெரிந்தது.

பிஸ்மி சொன்னேன். சோற்றைப் பிசைந்து ஒரு வாய் உருட்டினேன். நௌஷீன் கண்ணை மூடி வாயைத் திறந்தாள். கையைக் கொண்டுபோனேன்.

உதட்டைத் தொடுமுன் அம்சவேணி என் மணிக்கட்டைப் பிடித்தாள். இறுக்கமான பிடி. அந்த மெலிந்த கையில் அத்தனை பலம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. என் கையை அப்படியே தன் பக்கம் இழுத்து, அந்த உருண்டையைத் தன் வாயில் வாங்கிக்கொண்டாள். கண்ணீர் வழிய வழிய மென்றாள்.

"அம்மா, எனக்கு?" என்றாள் நௌஷீன், திறந்த வாய் திறந்தபடி.

அம்சவேணி அவளை என் மடியிலிருந்து தூக்கிக்கொண்டாள். அடுக்களையிலிருந்து ஒரு சீப்பு மலைவாழையை எடுத்து வந்து, ஒரு பழத்தை உரித்துக் கொடுத்தாள்.

"இது பக்கத்துத் தோட்டத்துப் பழம், தின்னு கண்ணு. சாமை உனக்கு அடுத்த வருசம். மொதல்ல ஒரு வருசம் சின்னம்மா தின்னு பாக்கறேன். அப்புறம் வா, வயிறு நெறைய ஊட்டறேன். நாங்க எங்க போயிறப் போறோம்? இங்கதானிருப்போம்."

செங்கோடன் எழுந்து முதல் மூட்டையின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.